மாவு விற்றால் நுகர்வோர் இல்லையா?

வீட்டில் மாவு ஆட்டி விற்பவர்கள், தையல் மெஷின் வாங்கி ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர்கள், கடன் வாங்கி ஆட்டோ எடுத்துத் தானே ஓட்டுபவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வாங்கிய மெஷின் சரியில்லை என்று போய் நின்றால், "நீங்க தொழிலுக்கு வாங்கினீங்க, உங்களுக்குக் கன்சூமர் கோர்ட் கிடையாது" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். என்னிடமும் அதைத்தான் சொன்னார்கள். பலரும் அந்த ஒரு வாக்கியத்தோடு நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

2022இல் மகளிர் குழுக் கடன் எடுத்து 10 லிட்டர் டில்டிங் கிரைண்டர் வாங்கினேன். நான் இருப்பது சிவகங்கை மாவட்டம். கிரைண்டர் என்றால் கோயம்புத்தூர்தானே, புவிசார் குறியீடே வாங்கிய சரக்கு. அங்கே ஒரு கடையில் பணம் கட்டி, லாரி பார்சலில் வரவழைத்தேன். ஜிஎஸ்டி பில்லோடு 34,500 ரூபாய்.

புதுக் கல்லில் முதலில் மண் வரும், அது எல்லோருக்கும் தெரியும். தவிடு போட்டு ஓட்டி, பிறகு நொய் போட்டு ஆட்டிக் கொட்டி, கழுவிக் கழுவித்தான் எடுக்க வேண்டும். அதெல்லாம் செய்தேன். அப்படியும் மாவில் நறநறப்பு நிற்கவில்லை. "அக்கா, இட்லிய வாயில வைக்கமுடியல, பிள்ள துப்பிருச்சு" என்று பக்கத்துத் தெருப் பெண் பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள். மாவு வியாபாரத்தில் பெயர் போனால் போனதுதான். நான் விற்பதை நிறுத்தினேன். குழுவுக்குக் கட்ட வேண்டிய தவணை மட்டும் நிற்கவில்லை.

மதுரையிலிருந்து சர்வீஸ்காரத் தம்பி வந்தார். குழவியைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. "சென்டர் ராடு சாய்ஞ்சிருக்கும்மா. குழவி அடிக்கல்லுல உரசுது. ட்ரம்மையே மாத்தணும்" என்றார். நீங்கள் சொன்னதை அப்படியே சர்வீஸ் சீட்டில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். கம்பெனிக்குப் போனிலேயே சொல்லிவிடுகிறேன் என்று தயங்கினார். எழுதாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றதும், "சென்டர் ராடு அவுட், ட்ரம் மாற்ற வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்திட்டார். நல்ல மனிதர். பிறகு நடந்த அத்தனைக்கும் அந்த மஞ்சள் சீட்டுதான் அடித்தளம். மெஷின் பார்க்க யார் வந்தாலும் "சரி பார்க்கப்பட்டது" என்று இரண்டு வார்த்தை கிறுக்கிவிட்டுப் போக விடாதீர்கள். என்ன கோளாறு, என்ன செய்ய வேண்டும், இரண்டும் சீட்டில் இருக்க வேண்டும்.

ட்ரம் வரவே இல்லை. கடையில் கேட்டால் கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள், கம்பெனியில் கேட்டால் கடையை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் பேசிப் பதிவு செய்தேன். அவர்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள், உத்தரவு போட முடியாது. "சர்வீஸ் செய்து கொடுத்தாகிவிட்டது" என்று கம்பெனி பதில் எழுதியது, அதோடு அந்தப் புகார் முடிந்தது. ஆனாலும் அந்தப் பதிவு எண் பிறகு உதவியது. நான் சும்மா இருக்கவில்லை என்பதற்கு அது சாட்சி.

பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சடித்திருந்தது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதையே முறையற்ற வணிகம் என்கிறது. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள் தர வேண்டும். பில் தராமல் விற்பதும் அதே கணக்கில்தான் வரும்.

கடைக்கும் கம்பெனிக்கும் தனித்தனியாக நோட்டீஸ் எழுதி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். (2025இல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள், இப்போது அனுப்புகிறவர்கள் விரைவுத் தபால் என்று கேட்க வேண்டும்.) வாங்கிய தேதி, கோளாறு, சீட்டில் எழுதியிருந்தது, எனக்கு வேண்டியது, 15 நாள் கெடு, இவ்வளவுதான். திட்டி ஒரு வரி எழுதவில்லை. கடையிலிருந்து பதிலே இல்லை. கம்பெனியிலிருந்து வந்த பதிலில்தான் "வணிகப் பயன்பாடு" என்ற சொல்லை முதன்முதலாக எழுத்தில் பார்த்தேன்.

மனுவைத் தமிழிலேயே எழுதினேன், வக்கீல் வைக்கவில்லை. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. விலை 50 லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், அதாவது நாம் சொல்லும் கன்சூமர் கோர்ட்டில், போடலாம். பிரச்சினை எழுந்து 2 வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். கோயம்புத்தூருக்கு அலையவும் வேண்டாம். "கோவை நீதிமன்ற எல்லைக்குட்பட்டது" என்று பில்லில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ வழக்குப் போடும் உரிமையை 2019 சட்டம் கொடுத்திருக்கிறது. பழைய 1986 சட்டத்தில் இது இல்லை. சின்ன ஊர்களில் இருக்கும் எங்களுக்கு இதைவிடப் பெரிய உதவியை அந்தச் சட்டம் செய்துவிடவில்லை என்றே நினைக்கிறேன்.

எதிர்த்தரப்பு 30 நாளில் பதிலுரை போட வேண்டும், ஆணையம் மனது வைத்தால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் கிடையாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020இல் உறுதியாகச் சொல்லிவிட்டது. இரண்டு பேரும் வக்கீல் வைத்துக் கடைசி நேரத்தில் பதிலுரை போட்டார்கள். அளவுக்கு மேல் அரிசி போட்டேன், வோல்டேஜ் சரியில்லை என்றெல்லாம் எழுதியிருந்தது. முக்கியமான வாதம் ஒன்றுதான். நான் மாவு விற்கிறேன், ஆகவே நான் நுகர்வோர் இல்லை. அதற்குச் சான்றாக நான் வாங்கி வைத்திருந்த உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றிதழையே காட்டினார்கள்.

சட்டத்தில் நுகர்வோர் யார் என்று சொல்லும் இடத்திலேயே ஒரு விளக்கம் இருக்கிறது. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் ஒருவர் பொருளை வாங்கித் தானே பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது. 1995இல் லட்சுமி என்ஜினியரிங் வொர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரித்துச் சொன்னது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான், துணைக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான். ஆனால் அதை நாம் மனுவில் எழுதியிருக்க வேண்டும். "இந்த இயந்திரத்தை நானே இயக்குகிறேன், வேலையாட்கள் இல்லை, என் வாழ்வாதாரத்துக்கான சுயதொழிலுக்காக மட்டுமே வாங்கினேன்" என்று என் மனுவின் இரண்டாம் பத்தியிலேயே இருந்தது. குழுக் கடன் ரசீதையும் இணைத்திருந்தேன். அவர்கள் காட்டிய அதே சான்றிதழை நானும் காட்டினேன். அந்தப் பதிவு அப்போது வருஷத்துக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் வியாபாரம் செய்யும் சிறு உணவுத் தொழிலாளிக்கு உரியதாக இருந்தது, பெரிய ஆலைக்கு உரியதாக இல்லை. ஆணையத்தின் தலைவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, "யாரும்மா மாவு ஆட்டுறது?" என்று கேட்டார். "நான்தாங்கய்யா, காலையில நாலு மணிக்கு" என்றேன். வேறெதுவும் கேட்கவில்லை.

மெஷினை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று கம்பெனி வக்கீல் கேட்டார். சோதித்தால்தான் கோளாறு தெரியும் என்ற நிலை இருந்தால் அனுப்பச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் ஆளே எழுதிக் கொடுத்த பிறகு சோதனை எதற்கு என்று ஆணையம் மறுத்துவிட்டது. மஞ்சள் சீட்டுக்குச் சான்றாவணம் என்று எண் போட்டிருந்தார்கள்.

சோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. எதிர்த்தரப்பு வாய்தா கேட்டுக்கொண்டே இருந்தது. தினக்கூலிக்காரர் ஒருவர் வேலையை விட்டுவிட்டு எத்தனை தடவை வர முடியும்? வாய்தா கேட்கிறவர்கள் இதைத் தெரிந்தேதான் கேட்கிறார்கள் என்று நான் நம்புகிறேன்.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. விலை முழுவதையும் வட்டியோடு இருவரும் சேர்ந்தோ தனித்தோ தர வேண்டும், மன உளைச்சலுக்கு 15,000, செலவுக்கு 5,000. வியாபாரம் நின்றுபோன நஷ்டத்துக்கு ஒன்றும் தரவில்லை. நோட்டில் எழுதிய கணக்கு மட்டும் போதாது என்றார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க்கு மாவு வாங்குகிறவர்களுக்கு எந்த ஊரில் பில் போடுகிறார்கள்? போன்பே, ஜிபேயில் வந்த பணத்தின் விவரம் இருந்தால் எடுத்துப் போடுங்கள், அது நிற்கும்.

மேல்முறையீட்டுக்கு 45 நாள் இருக்கிறது. போகிறவர்கள் தீர்ப்புத் தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். அவர்கள் போகவும் இல்லை, பணம் தரவும் இல்லை. தீர்ப்பை நிறைவேற்றித் தரும்படி கேட்கும் நிறைவேற்றல் மனு போட்டேன். உத்தரவை மதிக்காவிட்டால் ஒரு மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், இரண்டும் கூட விதிக்கலாம். அந்த மனுவின் நோட்டீஸ் போன பிறகுதான் கம்பெனியிலிருந்து போன் வந்தது, என்னை "மேடம்" என்று அழைத்து. அடுத்த விசாரணைத் தேதியில் பணத்துக்கான டிடியை (வங்கி வரைவோலை) ஆணையத்திலேயே கொடுத்தார்கள். கிரைண்டரை எடுத்துப்போகக் கடையிலிருந்து வண்டி வந்தது. பெற்றுக்கொண்டதாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டுத்தான் ஏற்ற விட்டேன்.