பில்லில் 25 யூனிட், கார் திரையில் 20 யூனிட்

மின்கார் சார்ஜிங் பில்லைச் சரிபார்க்க உட்கார்ந்தால், முதலில் மீட்டர் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

சுவர் சார்ஜரில் மீட்டர் காருக்கு வெளியே இருக்கிறது. அளப்பது வீட்டு இணைப்பில் வரும் ஏசி (மாறுதிசை) மின்சாரம். அதை பேட்டரிக்கு ஏற்ற டிசியாக (நேர்திசை மின்சாரமாக) மாற்றும் ஆன்போர்டு சார்ஜர் காருக்குள் இருக்கிறது. மாற்றும்போது ஒரு பங்கு சூடாகவே போய்விடும். கார் திரை காட்டுவது பெரும்பாலும் பேட்டரியில் சேர்ந்ததை மட்டும். 32 ஆம்பியரில் (சுமார் 7 கிலோவாட்) ஏற்றும்போதும் பத்து சதவீதத்தை ஒட்டி வித்தியாசம் வருவது சகஜம்.

மெதுவாக ஏற்றினால் மிச்சம் என்று நினைப்பதுதான் பெரிய தப்புக் கணக்கு. சார்ஜ் ஏறும் நேரமெல்லாம் காரின் கணினிகளும் கூலன்ட் பம்பும் விழித்திருக்கும். 12 வோல்ட் பேட்டரிக்கும் மின்சாரம் போகும். இதற்கு 250 வாட் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் என்றால் வருவதே 1,380 வாட். மிஞ்சும் 1,130 வாட்டில் 20 யூனிட் ஏறக் கிட்டத்தட்ட 18 மணி நேரம். மீட்டரில் 24 யூனிட்டுக்கு மேல் ஓடிவிடும், ஏசி-டிசி இழப்பைச் சேர்க்காமலே. அதே 20 யூனிட்டை 7 கிலோவாட்டில் மூன்று மணி நேரத்தில் ஏற்றினால், இந்தச் செலவு முக்கால் யூனிட்தான்.

டிசி வேகச் சார்ஜரில் மாற்றும் வேலை நிலையத்திலேயே முடிகிறது. மீட்டர், காரில் செருகும் கன் பக்கம் இருந்தால் வித்தியாசம் குறைவு. உள்ளே வரும் ஏசி பக்கம் இருந்தால் நிலையத்தின் இழப்பும் உங்கள் தலையில்தான். பேட்டரியைச் சூடாக்கவோ குளிர்விக்கவோ கார் எடுப்பதும் பில்லில் ஏறும், திரையில் ஏறாது.

திரையில் தெரியும் சதவீதத்தை வைத்து மட்டும் சண்டைக்குப் போகாதீர்கள். 60 யூனிட் பேட்டரியில் 1 சதவீதம் என்பது 0.6 யூனிட். 40-லிருந்து 50 வரை ஏற்றினால் சேர்வது 6 யூனிட். தொடக்கத்திலும் முடிவிலும் முழு எண்ணாக்குவதிலேயே பத்தில் ஒரு பங்கு தவறலாம். பேட்டரி பழையது என்றால், புதிதில் இருந்த கொள்ளளவால் பெருக்கினாலும் கணக்கு உதைக்கும்.

சோதனைக்கு 20-லிருந்து 80 சதவீதம் வரை ஒரே மூச்சில் ஏற்றுங்கள். கேபின் குளிரூட்டி, முன்கூட்டியே கேபினைக் குளிர்விக்கும் டைமர் இரண்டையும் அணைத்துவிடுங்கள். தொடங்கும்போதும் நின்ற உடனேயும் மீட்டரையும் திரையையும் படம் எடுங்கள். விடிந்து பார்த்தால், செருகியபடி இருந்த கார் இரவில் இழுத்ததும் அதில் சேர்ந்திருக்கும். 100 வரை போக வேண்டாம். கடைசியில் வேகம் குறைந்து, பேட்டரிக்குள் இருக்கும் செல்களைச் சமன்செய்யும் நேரத்தில் இழப்பின் பங்கு கூடும்.

ஒயரையும் பாருங்கள். 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் 20 மீட்டர் ஓடினால், 16 ஆம்பியரில் 75 வாட் அளவுக்குச் சூடாகவே போகும். அதாவது 2 சதவீதம். பிளக்கின் உலோக முனை பழுப்பேறியிருந்தாலோ, சாக்கெட் ஓரம் இளகியிருந்தாலோ கணக்கை அப்படியே விட்டுவிட்டு மெயினை அணையுங்கள். அது தளர்ந்த இணைப்பு, தீப்பிடிக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் 7 கிலோவாட்டில் இடைவெளி 20 சதவீதத்தைத் தாண்டினால், பில்லில் இணைப்புக் கட்டணம், சார்ஜ் முடிந்தும் நின்றதற்கான கட்டணம், வரி ஆகியவற்றைக் கழித்து யூனிட்டை மட்டும் தனியே எடுங்கள். அந்த முறை சார்ஜ் ஏற்றியதன் தொடக்க, முடிவு மீட்டர் எண்களை பில் தந்தவரிடம் எழுத்தில் கேளுங்கள். உங்கள் படங்களோடு பொருந்தவில்லை என்றால் மீட்டரைச் சோதிக்கச் சொல்லலாம்.