இந்தப் பின்னில் செருகலாமா, கூடாதா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும், எலக்ட்ரானிக் போர்டில் ஒயர் செருகும் ஒரே ஒரு பின் தின்றுவிட்டது. ஈஎஸ்பி32 என்கிற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் எஸ்டி கார்டு மாட்யூல் ஒன்றை மாட்டி, அதன் எம்ஐஎஸ்ஓ ஒயரை (கார்டிலிருந்து போர்டுக்குத் தரவு வரும் ஒயர்) ஜிபிஐஓ 12-இல், அதாவது நிரலால் இயக்கும் பொதுப் பின்களில் 12-ஆம் எண்ணில், செருகியிருந்தேன். பவர் கொடுத்தால் போர்டு எழுந்திருக்கவே இல்லை, சீரியல் மானிட்டரில் ‘ஃபிளாஷ் ரீட் எரர்’ என்று வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது. நிரலைச் சேமித்து வைக்கும் ஃபிளாஷ் மெமரி செத்துவிட்டது என்று நினைத்து வேறு போர்டை எடுத்தேன், அதிலும் அதே கதை. ஒயரைப் பிடுங்கினால் மட்டும் ஒழுங்காக ஓடுகிறது.

ராத்திரிதான் காரணம் பிடிபட்டது. ஃபிளாஷ் சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுப்பதா 1.8 வோல்ட் கொடுப்பதா என்பதை, போர்டு எழும் நொடியில் இந்த 12-ஐப் பார்த்துத்தான் ஈஎஸ்பி32 முடிவு செய்கிறது. மாட்யூலில் இருந்த புல்-அப் ரெசிஸ்டர் (ஒயரை உயர் வோல்ட்டேஜிலேயே வைத்திருப்பது) அதை மேலே இழுத்துப் பிடித்திருக்க, 3.3 வோல்ட் கேட்கிற ஃபிளாஷுக்கு 1.8 வோல்ட்தான் போயிருக்கிறது.

இத்தனைக்கும் எந்தப் பின் எதற்கு என்று காட்டும் பின்அவுட் படம் பக்கத்திலேயே திறந்திருந்தது. 12-க்கு நேராக வண்ண வண்ணப் பட்டைகள்: ஏடிசி2, டச் 5, எச்எஸ்பிஐ எம்ஐஎஸ்ஓ, எம்டிடிஐ. எல்லாம் சரியான தகவல்தான், ஆனால் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்ப்பவருக்கு வேண்டியது பின்னின் பட்டப்பெயர்கள் இல்லை. இதில் செருகலாமா, கூடாதா, அவ்வளவுதான் கேள்வி.

அதனால் எனக்கு வேண்டியபடி ஒரு படத்தை எஸ்விஜியில் (பிரவுசரில் தொட்டால் மாறும்படி செய்யக்கூடிய பட வகை) வரைய ஆரம்பித்தேன். முதல் பார்வையில் எண் மட்டும்தான் தெரியும். தொட்டால் ஒரு வாக்கியம் வரும். 34, 35, 36, 39 என்றால் ‘இன்புட் மட்டும், உள்ளே புல்-அப் கிடையாது’. 6 முதல் 11 வரை என்றால் ‘ஃபிளாஷோடு இணைந்தவை, தொடாதீர்கள்’. மேலே ‘வைஃபை ஓடும்’ என்று ஒரு டிக் பாக்ஸ் வைத்தேன், அதை அழுத்தினால் ஏடிசி2 பின்கள் எல்லாவற்றிலும் ‘அனலாக் ரீட் வேண்டாம்’ என்று விழும், ஏனென்றால் வைஃபை ஓடும்போது அவற்றில் அனலாக் அளவைப் படிப்பதை நம்ப முடியாது. படத்தைத் தொடும்படி செய்வதற்கு அர்த்தமே இங்கேதான் இருக்கிறது. மற்றதை ஒரு பேப்பரில் அச்சடித்து சுவரில் ஒட்டினாலும் போதும்.

அப்புறம் ராஸ்பெர்ரி பை என்கிற குட்டிக் கணினி. 40 பின், இரண்டு வரிசை. நிரலில் 17 என்று எழுதுவோம், போர்டில் எண்ணினால் அது 11-ஆவது பின், அதனால் இரண்டு எண்ணும் வேண்டும், ஆனால் ஒரே அளவில் எழுதினால் கண் குழம்பும். 1-ஆவது பின் 3.3 வோல்ட், ஒட்டினாற்போல் 2-ஆவது 5 வோல்ட். பையின் ஜிபிஐஓ 5 வோல்ட்டைத் தாங்காது என்பதால் இந்த இரண்டும் ஒரே மாதிரித் தெரியவே கூடாது. நிறத்தை மட்டும் நம்பக் கூடாது, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள், எனவே வடிவத்தையும் மாற்றினேன்: 5 வோல்ட்டுக்குச் சதுரம், கிரவுண்டுக்கு முக்கோணம்.

போனில் இன்னொரு சிக்கல். 360 பிக்சல் அகலத்தில் 20 பின்களைக் குறுக்கே அடுக்கினால் ஆளுக்கு 18 பிக்சல்தான் கிடைக்கும், விரல் பக்கத்துப் பின்னில்தான் விழும். செங்குத்தாக நிறுத்தி, பின் இருக்கும் பட்டை முழுவதையும் தொடும்படி செய்தபிறகே சரியானது. மவுஸை மேலே கொண்டுபோனால்தான் விவரம் வரும் என்கிற பழக்கம் போனில் வேலைக்கே ஆகாது.

போர்டுக்கு அடியில் சால்டர் செய்யும்போது இடம் வலம் மாறும், அதற்கு ஒரு திருப்பும் பட்டன் உண்டு. பின்கள் இடம் மாறும், எழுத்து மட்டும் நேராகவே இருக்கும். படத்தைத் தலைகீழாகச் சுழற்ற இன்னொரு பட்டனும் உண்டு, அதை மெனுவுக்குள் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டில் டிப்ளமோ படிக்கும் தம்பியிடம் போனைக் கொடுத்தேன், அவன் மேசையில் போர்டின் யூஎஸ்பி பக்கம் அவனைப் பார்த்து இருந்தது. ஒரு நிமிடம் போர்டையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தான், பிறகு போனையே தலைகீழாகத் திருப்பி, கவிழ்ந்த எண்களைத் தலையைச் சாய்த்துப் படித்தான். அன்று இரவே அந்தப் பட்டனை மெனுவிலிருந்து எடுத்து படத்துக்கு மேலேயே வைத்துவிட்டேன். ஈஎஸ்பி32-இல் 38 பின் போர்டுக்கு முடிந்தது, 30 பின் போர்டுக்கு இன்னும் வரைய வேண்டும்.