அம்புக்குறியை நம்பிக் கெட்ட கதை

பதினொன்றாம் வகுப்பில் தனிம வரிசை அட்டவணையை நான் படித்த லட்சணம் இதுதான்: நோட்டில் ஒரு கட்டம் போட்டு, வலப்பக்கம் ஓர் அம்புக்குறி, கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. வலப்பக்கம் போனால் அணு ஆரம் குறையும், அயனியாக்கும் ஆற்றல் (அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றல்) கூடும். கீழே போனால் நேர்மாறு. பத்து நிமிடத்தில் பாடம் முடிந்தது.

அரையாண்டுத் தேர்வில், நைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டில் எதற்கு முதல் அயனியாக்கும் ஆற்றல் அதிகம், ஏன் என்று கேட்டிருந்தார்கள். ஆக்சிஜன்தானே வலப்பக்கம் இருக்கிறது? துணிந்து எழுதிவிட்டு வந்தேன். விடைத்தாளில் பெரிய முட்டை.

உண்மையில் ஒரு மோலுக்கு நைட்ரஜனுக்கு 1402 கிலோஜூல், ஆக்சிஜனுக்கு 1314. நைட்ரஜனின் மூன்று 2பி ஆர்பிட்டால்களிலும் (எலக்ட்ரான்கள் தங்கும் அறைகள் மாதிரி) ஆளுக்கு ஓர் எலக்ட்ரான். ஆக்சிஜனில் நான்காவதாக வருவது ஏற்கெனவே ஆள் இருக்கும் ஆர்பிட்டாலுக்குள் நுழைந்து ஜோடி சேர வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று விலக்குவதால் ஒன்றைப் பிடுங்குவது சுலபம். பெரிலியத்தைவிடப் போரானுக்குக் குறைவதும் இப்படி ஒரு விதிவிலக்குதான், காரணம் மட்டும் வேறு. அங்கே எலக்ட்ரான் 2எஸ்ஸை விட்டு, ஆற்றல் கூடிய 2பிக்குப் போகிறது.

அப்புறம் படிக்கும் வரிசையையே மாற்றினேன். முதல் 30 தனிமங்களின் எலக்ட்ரான் அமைப்பைப் புத்தகம் பார்க்காமல் தினம் ஒருமுறை எழுதினேன். முதல் வாரம் முழுக்க 24லும் 29லும் சறுக்கல்தான். குரோமியம், தாமிரம் இரண்டுக்கும் 4எஸ்ஸில் ஒன்றுதான் என்பது கை பழகிய பிறகே மண்டையில் ஏறியது.

எந்தப் போக்கைக் கேட்டாலும் இரண்டைத்தான் பார்ப்பேன்: கரு எவ்வளவு இழுக்கிறது, உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள் அதை எவ்வளவு மறைக்கின்றன. ஸ்லேட்டர் விதிப்படி ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். சோடியத்தில் 11 புரோட்டான். இரண்டாம் கூட்டில் இருக்கும் 8 எலக்ட்ரான்கள் ஆளுக்கு 0.85, முதல் கூட்டின் 2 ஆளுக்கு 1 என்று மறைக்கும்; மறைப்பு 8 × 0.85 + 2 × 1 = 8.8. வெளி எலக்ட்ரானுக்குக் கிடைப்பது வெறும் 2.2. குளோரினுக்குப் போட்டால் 6.1 வரும். ஒரே தொடரில் குளோரின் ஏன் அவ்வளவு சின்னதாக இருக்கிறது என்பதற்கு அந்த இரண்டு எண்களே போதும். பரீட்சைக்கு இந்தக் கணக்கு வராமல் போகலாம். ஆனாலும் போட்டுப் பார்த்தவருக்கு மறக்காது.

எலக்ட்ரான் நாட்டத்தில் (புதிதாக ஓர் எலக்ட்ரானைச் சேர்க்கும்போது வெளிவரும் ஆற்றல்) ஃபுளூரினைக் குளோரின் முந்துவதை மட்டும் தனியாகக் குறித்து வையுங்கள். ஃபுளூரின் ரொம்பச் சின்ன அணு, உள்ளே நெரிசல்; புதிதாக வரும் எலக்ட்ரானுக்கு வரவேற்பு குறைவு.

ஒரு மார்க் கேள்விகளில் எனக்குப் பிடித்த வகை ஒன்று உண்டு. ஒரு தனிமத்தின் அடுத்தடுத்த அயனியாக்கும் ஆற்றல்களாக 738, 1451, 7733 என்று கொடுத்து, எந்தத் தொகுதி (அட்டவணையின் எந்தச் செங்குத்து வரிசை) என்பார்கள். முன்பெல்லாம் குத்துமதிப்பாக ஒன்றை டிக் அடிப்பேன். இப்போது எண் எங்கே எகிறுகிறது என்று பார்க்கிறேன். மூன்றாவதில் எகிறினால் முழுதாக நிரம்பிய உள்கூட்டில் கை வைத்துவிட்டோம் என்று அர்த்தம். வெளியே இருந்தவை இரண்டுதான். சரி, இரண்டாம் தொகுதி. அந்த எண்கள் மெக்னீசியத்தினுடையவை.