கல்கரிக்கு ஒரு வண்டி: பிரெய்ரியில் தனியே

கல்கரியில் இருக்கும் என் சித்தியின் மகன் வின்னிபெக்கில் ஒரு பழைய மோட்டோர்ஹோம் வாங்கினான், உள்ளேயே படுத்து, சமைத்துக்கொள்ளும் வண்டி. 25 அடி நீளம், ஃபோர்ட் இ-450 அடிச்சட்டம், பத்து சிலிண்டர் எஞ்சின். வாங்கியவனுக்கு அதைப் போய் எடுத்துவர லீவு கிடைக்கவில்லை. எனக்கு லீவு இருந்தது. "அக்கா, நீங்கள் கொண்டுவாறீங்களா?" என்று அவன் விளையாட்டாகக் கேட்டான். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

வின்னிபெக்கில் இருந்து கல்கரிக்கு டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 1,330 கிலோமீற்றர். ரொறன்ரோவில் ரக் ஓட்டும் அண்ணாவிடம் வழி விசாரித்தேன். "அதிலை பார்க்க ஒண்டும் இல்லை. இரவிலை ஓடு, வெயிலாவது மிச்சம்" என்றார். அம்மாவின் கவலை வேறு. "துணைக்கு ஆர் பிள்ளை?" என்று ஒரு தரம் கேட்டவர், பிறகு வழி நெடுகக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஜூலை மாதம் புறப்பட்டேன்.

இந்த அளவு வண்டிக்கு சாதாரண கார் லைசென்ஸே போதும் என்பது பலருக்குத் தெரியாது. ஓட்டுவதும் பெரிய வித்தை இல்லை. பின் சில்லுக்குப் பிறகு நீண்டு கிடக்கும் வால், திரும்பும்போது எதிர்ப்பக்கம் வீசும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. மற்றபடி காற்றுத்தான் சோதனை. பிரெய்ரி என்ற இந்தப் புல்வெளி நாட்டில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகிறது. நான் போவதும் மேற்கு. நெற்றி அகலமான இந்தப் பெட்டியை அதற்கு எதிரே தள்ளிக்கொண்டு போக, 100 கிலோமீற்றருக்கு 25 லீற்றர் பெற்றோல் குடித்தது. நான் மணிக்கு 90ஐத் தாண்டவில்லை. பின்னால் வந்த ரக்காரர் எல்லாம் முந்திக்கொண்டு போனார்கள். போகட்டும்.

தனியே போனால் வீட்டு வேலையும் வண்டி வேலையும் ஒரே ஆளுக்குத்தான். புறப்படும் முன் காஸை மூட வேண்டும், ஃப்ரிட்ஜ் கதவைக் கொளுவ வேண்டும், படியை மடிக்க வேண்டும். தட்டுகளுக்கு இடையில் துவாய் வைக்காவிட்டால் நாள் முழுக்கக் கலகலப்புக் கேட்டே தலையிடிக்கும். கழிவுத் தொட்டியைக் காலி செய்வதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். கையுறை போட்டுக்கொண்டு முதலில் மலத்தொட்டியைத் திறக்க வேண்டும். அது ஓடி முடிந்த பிறகுதான் குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர் இருக்கும் தொட்டி. அந்தச் சவர்க்காரத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டே போய்விடும். வரிசையை மாற்றினால் குழாயோடு நீங்கள் பட வேண்டியதை நான் சொல்லத் தேவையில்லை.

சரி, நிலத்துக்கு வருவோம். அண்ணா சொன்னதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. வின்னிபெக்கைச் சுற்றி நிலம் அப்படி ஒரு தட்டை. அது ஏரித்தரை. பனியுகம் முடியும்போது உருகிய நீர் தேங்கி அங்கே அகாசி என்றொரு ஏரி இருந்தது. இன்றைய ஐந்து பேரேரிகளையும் ஒன்றாகச் சேர்த்தாலும் அதைவிடப் பெரியது. போர்ட்டேஜ் லா பிரெய்ரி தாண்டி, பிரண்டனை நெருங்கும்போது சாலை ஏறி இறங்கத் தொடங்கிவிடும். பிறகு ரெஜைனா அருகில் மறுபடி தட்டை, அது வேறொரு பனியாற்று ஏரியின் தரை. நகரங்களை இந்த இரண்டு தரையிலும் கட்டிவிட்டு, பிரெய்ரி முழுதும் இப்படித்தான் என்று விமான நிலையத்தில் இறங்குகிறவர்களை நம்ப வைத்துவிட்டார்கள்.

மனிற்றோபாவைத் தாண்டி சஸ்கச்சவானுக்குள் நுழைந்தால் ஒரு மணித்தியாலம் இலவசமாகக் கிடைக்கும். அந்த மாகாணம் கோடைக்கென்று கடிகாரத்தை மாற்றுவதில்லை. எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்திருந்தது.

நெடுஞ்சாலையை விட்டு கிறவல் ரோட்டில் இறங்கியபோதுதான் இந்த நாட்டை எப்படி வெட்டினார்கள் என்று புரிந்தது. 1871இல் தொடங்கிய நில அளவை, பிரெய்ரி முழுவதையும் ஒரு மைல் சதுரங்களாகக் கோடு போட்டது. ஒரு சதுரம் 640 ஏக்கர். அதில் கால்வாசி, அதாவது 160 ஏக்கர், பத்து டொலர் பதிவுக் கட்டணத்துக்குக் குடியேறிக்குக் கிடைத்தது. வீடு கட்டி, நிலத்தை உழுது காட்ட வேண்டும். சஸ்கச்சவானில் வடக்கு-தெற்காக மைலுக்கு ஒரு பாதை, கிழக்கு-மேற்காக இரண்டு மைலுக்கு ஒரு பாதை என்று ஒதுக்கினார்கள். நேரே வடக்கு நோக்கிப் போகும் பாதை சில இடங்களில் திடீரென்று பக்கவாட்டில் ஒரு எட்டு நகர்ந்து, பிறகு மறுபடி நேராகப் போகும். பூமி உருண்டை, வடக்கே போகப் போக தீர்க்கக் கோடுகள் நெருங்கும், சதுரம் சதுரமாக இராது. அந்தக் கணக்குப் பிழையை 24 மைலுக்கு ஒரு முறை சரிக்கட்டிய இடங்கள் அவை. பூமி உருண்டை என்பதை ஸ்டியரிங்கில் உணர்வது எனக்கு இதுதான் முதல் தரம்.

கோடு போடும் முன் இந்த இடம் வெறுமையாகக் கிடந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோடிக்கணக்கான பைசன்கள், அதாவது காட்டெருமைகள், மேய்ந்த நிலம் இது. கிரீ, நகோட்டா, பிளாக்ஃபுட் என்ற பூர்வகுடி மக்கள் அவற்றோடு நகர்ந்து வாழ்ந்தார்கள். ரெஜைனா நகரம் எழுந்த ஓடைக்கரையில் பைசன் எலும்புகள் குவிந்து கிடந்தன. ரயில் வந்ததும், குடியேறிகள் வயலெல்லாம் எலும்பு பொறுக்கி உரத் தொழிற்சாலைகளுக்கு வண்டி வண்டியாக அனுப்பினார்கள். லகோட்டா தலைவர் சிற்றிங் புல் அமெரிக்கப் படையிடமிருந்து தப்பி 1877இல் தன் மக்களோடு இந்த மாகாணத்தின் வுட் மவுண்டன் பக்கம் வந்தார். பைசன் தீர்ந்தது, பசி வந்தது, கனடா அரசு உணவு கொடுக்க மறுத்தது. 1881இல் திரும்பிப்போய்ச் சரணடைந்தார். அண்ணா "ஒண்டும் இல்லை" என்று சொன்ன இடத்தில் இருந்ததைக் கணக்குப் பார்த்து அகற்றியிருக்கிறார்கள். ஓட்டிக்கொண்டு போகும்போது எனக்கு அந்த எண்ணம் மட்டும் விடவில்லை.

மூஸ் ஜோ நகரில் நிற்கும் பிரமாண்ட மூஸ் மான் சிலையைப் படமெடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அதற்கு மேற்கே சாப்ளின் என்ற சிற்றூரில் சாலையோரம் வெள்ளைக் குவியல்கள் தெரிந்ததும் ஆனையிறவு உப்பளத்துக்கே வந்துவிட்டது போல் இருந்தது. அது சமையல் உப்பு இல்லை, சோடியம் சல்பேற்று. சலவைத் தூளில் சேர்ப்பது. அந்த உப்பு ஏரியில் பெருகும் சின்ன இறால்களைத் தின்னத்தான் வசந்தத்தில் ஆர்க்டிக் நோக்கிப் பறக்கும் கரையோரப் பறவைகள் பல்லாயிரமாய் இறங்குகின்றன. ஜூலையில் கூட்டம் குறைவு. மே மாத இறுதியில் வாருங்கள்.

அன்று இரவு தங்கியது ஒரு சிறு ஊரின் முகாம் இடத்தில். பெயரே இல்லாத அலுவலகம்: ஒரு பெட்டி, பக்கத்தில் கடித உறைகள். காசை உறையில் போட்டுப் பெட்டிக்குள் தள்ள வேண்டியதுதான். புல் வெட்டிக்கொண்டிருந்த ஒரு முதியவர் மெஷினை நிறுத்திவிட்டு வந்து, மேற்கே கையைக் காட்டி, "அந்த மரத்துக்குக் கீழே நிற்காதே, வண்டியை வெளியே எடு" என்றார். அங்கே அடிவானத்தில் ஒரு கருநீலச் சுவர். ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாக அது வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நகரத்தில் மழை வருகிறது என்றால் மழை வந்துவிட்டது என்று அர்த்தம். இங்கே அது யார் வயலில் பெய்கிறது, அடுத்து யார் வயலுக்கு வருகிறது என்பது வரை தெரிகிறது. பிறகு ஆலங்கட்டி மழை. கூரையில் விழுந்த சத்தத்தில் அம்மாவின் ஃபோன் அடித்ததே கேட்கவில்லை.

மழை விட்டதும் கிழவர் திரும்பி வந்தார், தன் வயலைப் பார்த்துவிட்டு. தப்பியிருந்தது. என்ன பயிர் என்று கேட்டேன். சிவப்புப் பருப்பு என்றார். நான் உள்ளே போய், ஸ்காபரோவில் வாங்கிய மைசூர்ப் பருப்புப் பக்கற்றை எடுத்துவந்து காட்டினேன். "கனடாவில் விளைந்தது" என்று அதில் அச்சடித்திருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கோதுமை நாடு என்று பெயரெடுத்த சஸ்கச்சவானில் பருப்பு வந்தது அண்மையில்தான். சஸ்கச்சவான் பல்கலைக்கழகத்தில் அல் ஸ்லிங்கார்ட் என்ற விஞ்ஞானி இந்தக் குளிருக்கும் வறட்சிக்கும் ஏற்ற 'லெயார்ட்' பருப்பு இனத்தை 1978இல் வெளியிட்டார். அதன் பிறகு கனடா உலகின் மிகப் பெரிய பருப்பு ஏற்றுமதியாளர்களில் ஒன்றாகிவிட்டது. இலங்கைக்கும் போகிறது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பாணோடு தொட்டுத் தின்னும் பருப்பில் ஒரு பங்கு இந்த மண்ணில் முளைத்தது. செடி முழங்காலுக்கும் கீழே நிற்கிறது. அறுவடை மெஷின் தரையோடு ஒட்டி வெட்ட வேண்டியிருப்பதால், விதைத்ததும் கனமான உருளையை இழுத்து நிலத்தைச் சமப்படுத்தி, கல்லையெல்லாம் மண்ணுக்குள் அமுக்குவோம் என்று விளக்கினார். பக்கற்றில் அகப்படும் கல்லுக்கு இவர்தான் பொறுப்பா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பால் மா போட்டுப் பருப்புக் கறி வைத்து அவருக்கும் ஒரு கோப்பையில் கொடுத்தேன். வீட்டில் மனைவி எப்போதாவது சூப்பில் போடுவதைத் தவிர தான் பருப்புச் சாப்பிடுவதே இல்லை என்றவர், இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். உறைப்புக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அவர் சொல்லித்தான் ஸ்விஃப்ட் கரண்டில் தெற்கே திரும்பினேன். நான்காம் இலக்கச் சாலையில் 120 கிலோமீற்றர் போனால் வால் மரி, அங்கே கிராஸ்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா. தண்ணீரும் பெற்றோலும் நிரப்பிக்கொண்டு போங்கள். எதிரே வரும் பிக்-அப் ஓட்டுநர் ஒவ்வொருவரும் ஸ்டியரிங்கில் இருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தி வணக்கம் வைத்தார்கள். இரண்டாவது ஆளுக்கே நானும் பழகிவிட்டேன்.

உழவே உழாத புல்வெளி எப்படி இருக்கும் என்பதை அங்கேதான் கண்டேன். சஸ்கச்சவானின் பழைய புல்வெளியில் ஐந்தில் ஒரு பங்குகூட இன்று மிஞ்சவில்லை. புல் கணுக்கால் உயரம், நிறம் பச்சையும் இல்லை சாம்பலும் இல்லை, நடந்தால் சேஜ் செடியின் வாசம் எழும். 2005இல் எழுபதுக்குச் சற்று மேற்பட்ட பைசன்களை அல்பேட்டாவில் இருந்து கொண்டுவந்து விட்டார்கள்; இப்போது நூற்றுக்கணக்கில் பெருகியிருக்கின்றன. 100 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. அதற்கு முன்பே கால் தானாக நின்றுவிடும். வெளியில் தனித்தனியே பெரிய பாறைகள் கிடக்கின்றன, பனியாறு கொண்டுவந்து போட்டவை. அவற்றின் விளிம்பு வழவழவென்று மின்னுகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பைசன்கள் வந்து வந்து முதுகு தேய்த்த வழவழப்பு. பாறையைச் சுற்றி மண் குளம்படியில் தேய்ந்து பள்ளமாகிவிட்டது. நூறாண்டுக்கு மேல் இடைவெளி விட்டு வந்த புதிய கூட்டமும் அதே பாறைகளில்தான் தேய்க்கிறது. யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

மேட்டில் ஏறினால் கல்வட்டங்கள். தோல் கூடாரங்களின் அடியைக் காற்றுக்கு அழுத்திப் பிடித்த கற்கள். இந்தப் பூங்காவில் அப்படி ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒன்றுக்குள் நின்று பார்த்தேன், ஒரு குடும்பம் படுக்கத் தாராளமான இடம். என் மோட்டோர்ஹோமைவிட அகலம். பள்ளத்தாக்கில் பிரெய்ரி டொக் என்ற அணில் இனத்தின் ஊர் ஒன்று, கனடாவில் கருவால் இனம் இயற்கையாக வாழ்வது இந்தப் பகுதியில் மட்டும்தான். ஓயாத கூச்சல்.

பிறகு அல்பேட்டா. மெடிசின் ஹாட், புரூக்ஸ், காற்று, ரக்குகள். சொல்ல அதிகம் இல்லை.

கல்கரியில் தம்பி வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான், மீற்றரைப் பார்த்தான், கணக்குக்கு மேல் சில நூறு கிலோமீற்றர் எப்படி வந்தது என்று கேட்டான். சொன்னேன். சிரித்துவிட்டு விட்டுவிட்டான். சில வாரம் கழித்து ஃபோன் எடுத்தான்: "அக்கா, இண்டைக்குக் கட்டிலுக்குக் கீழை இருக்கிற லாச்சியைத் திறந்தனான். அதுக்குள்ளையும் கிறவல் தூசு. நீங்கள் ரோட்டிலைதான் ஓடினீங்களா?"