டி டிரைவ் நாட்குறிப்பு

ஜூன் 2, திங்கள்
இன்று மூன்று முறை. ஃபோல்டர் திறந்திருக்கும்போதே கம்ப்யூட்டரின் டி டிரைவ், அதாவது தனி ஹார்ட் டிஸ்க், காணாமல் போகிறது, பத்துப் பதினைந்து விநாடியில் தானாகவே திரும்பி வருகிறது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் முதலில் 129 என்ற எண்ணுள்ள பதிவு, பின்னாலேயே 157. பதில் வராததால் கன்ட்ரோலர் ரீசெட் அனுப்பியது என்கிறது முதலாவது. டிஸ்கை யாரோ சொல்லாமல் கொள்ளாமல் பிடுங்கிவிட்டதாக இரண்டாவது. யாரும் பிடுங்கவில்லை.

ஸ்மார்ட் (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் எண் வரிசை): தட்டில் பழுதான இடங்களைச் சொல்லும் 5 பூஜ்யம், 197 பூஜ்யம், 198 பூஜ்யம். 199 மட்டும் 29.

ஜூன் 2, இரவு
29 இல்லை, 41. ஸ்மார்ட்டைப் படித்துக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் அந்த எண்களை ஹெக்ஸாடெசிமலில் (16-ஐ அடியாகக் கொண்ட எண்முறை) காட்டுகிறது. அட்வான்ஸ்டு ஃபீச்சர் மெனுவில் ரா வேல்யூஸை டெசிமலுக்கு மாற்றியாயிற்று.

ஜூன் 3
எதையும் தொடுவதற்கு முன்னால் காப்பி. விண்டோஸின் காப்பிக் கட்டளையான ரோபோகாப்பிக்கு ஆர்:1, டபிள்யூ:1 (ஒரே மறுமுயற்சி, ஒரு விநாடி காத்திருப்பு) கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் படிக்க முடியாத ஒவ்வொரு ஃபைலுக்கும் 30 விநாடி இடைவெளியில் பத்து லட்சம் தடவை முயலும். விடிய விடிய ஒரே ஃபைலில் நிற்கும். அறுந்தால் அதே கட்டளையை மறுபடி ஓட்டினால் போதும், முடிந்தவற்றைத் தாண்டிப் போய்விடும்.

ஃபைல் அமைப்பைச் சரிபார்த்துத் திருத்தும் செக்டிஸ்க் இப்போது கூடாது. பாதியில் டிஸ்க் மறைந்தால் இருக்கிற ஃபைல் அட்டவணையும் குழம்பும்.

ஜூன் 4
199: 44.

டிஸ்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிள் வழியே போன தரவு மறுமுனையில் சிதைந்து சேர்ந்தால் ஏறுகிற எண் இது. டிஸ்கின் தட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஏறும், இறங்கவே இறங்காது. கேபிள் மாற்றினாலும் 44 அப்படியே நிற்கும், அதற்கு மேல் ஏறாமல் இருந்தால் வெற்றி. உலோகக் கிளிப் வைத்த புதுக் கேபிள் போட்டேன். போர்ட் அதேதான். கேபிளையும் போர்ட்டையும் ஒன்றாக மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது.

ஜூன் 5
44. ஆனாலும் டிரைவ் போனது. இரண்டு தடவை.

ஜூன் 7, சனி
சத்தம். மறையும் கணத்தில் ஒரு 'டக்', பிறகு மோட்டார் அடியிலிருந்து வேகம் பிடிக்கும் 'ஊஊ'. இதைக் கேட்டதும் டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டிப் புதிதாக வாங்கக் கிளம்புவார்கள். 5, 197 இரண்டும் பூஜ்யமாக இருக்கும்போது என்ன அவசரம்? டேட்டா கேபிள் மட்டும் அறுந்தால் மோட்டார் நிற்க வேண்டிய அவசியமில்லை, சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அடியிலிருந்து சுற்றுகிறது என்றால் மின்சாரமே போய் வந்திருக்கிறது.

இதைச் சத்தத்தை நம்பாமலும் பார்க்கலாம். ஸ்மார்ட்டில் எண் 12, பவர் சைக்கிள் கவுன்ட், டிஸ்குக்கு மின்சாரம் போய் வந்த தடவைகள். காலையில் கம்ப்யூட்டர் போட்டதும் 1846. இரவு 1851. நடுவில் ஒருமுறைகூட அணைக்கவில்லை. ஈவன்ட் வியூவரில் இன்றைய 157கள் ஐந்து.

ஐந்துக்கு ஐந்து.

மின்சாரம் மிச்சம் பிடிக்கும் லிங்க் பவர் மேனேஜ்மென்ட் அமைப்பைத் தோண்டியதெல்லாம் வீண். அது சும்மா இருக்கும் சாட்டா இணைப்பைத்தான் தூங்க வைக்கும். இது காப்பி ஓடத் தொடங்கி முக்கால் மணி நேரம் கழித்து, சூடேறிய பிறகு போகிறது. ஆறினால் சமர்த்தாக இருக்கிறது.

ஜூன் 8
இந்த டிஸ்குக்கு மின்சாரம் வருவது மோலெக்ஸிலிருந்து (பழைய நான்கு பின் மின் இணைப்பு) சாட்டாவாக மாற்றும் இரட்டைத் தலை அடாப்டர் வழியாக. காலியாக இருந்த இரண்டாவது தலையில் மல்டிமீட்டர் முனையை வைத்தேன். 13, 14, 15வது பின்கள் 12 வோல்ட், 10 முதல் 12 வரை கிரவுண்ட். முனை நழுவிப் பக்கத்துப் பின்னைத் தொட்டால் ஷார்ட்தான், கை நடுங்கக் கூடாது.

எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) பக்கம், மோலெக்ஸின் மஞ்சள்-கறுப்பு: 11.9. அடாப்டர் தலையில்: 11.2. மோட்டார் வேகம் பிடிக்கும்போது 10.7 வரை இறங்குகிறது. பவர் சப்ளைக்கான ஏ.டி.எக்ஸ். 2.x வரையறைப்படி 11.4க்குக் கீழே போகக் கூடாது.

கழற்றிப் பார்த்தால் மஞ்சள் கம்பியின் குழல் அகன்று, ஓரம் பழுப்பேறியிருக்கிறது. பிடிப்பு தளர்ந்தால் மின்தடை கூடும், மின்தடை கூடினால் சூடு, சூடானால் இன்னும் தளரும். வார்த்த பிளாஸ்டிக் தலை கொண்ட அடாப்டர்களில் உள்ளே ஷார்ட்டாகித் தீப்பிடித்ததும் உண்டு. இது குப்பைக்கு.

ஜூன் 9
எஸ்.எம்.பி.எஸ்.ஸின் சொந்த சாட்டா வயர் மேல் தட்டுக்கு எட்டாது. அதனால்தான் அடாப்டர் வந்தது. டிஸ்கைக் கீழ்த்தட்டுக்கு இறக்கியதும் எட்டிவிட்டது. கிளம்பும்போது 11.8.

ஜூன் 10
மூன்று மணி நேரம் இடைவிடாத காப்பி. எண் 12 ஏறவில்லை. 199: 44.

இப்போது செக்டிஸ்க். இண்டெக்ஸ் பிழைகள் ஏழு, சரிசெய்தது.

ஜூன் 11
44. நான்கு தடவை பார்த்தாயிற்று. 44.

ஜூன் 12
ஒரு வாரத்துக்குப் பிறகு கேபினெட்டின் பக்கக் கதவை மூடினேன்.

இரவு 10.20. 199: 45. எண் 12 மாறவில்லை.

கதவு அழுத்தி கேபிள் மடங்குகிறதா? கீழ்த்தட்டில் இடைவெளி இரண்டு விரல்கூட இல்லை. நாளை எல் வடிவத் தலை கேபிள்