கருப்பியின் ராஜ்ஜியத்தில் ஒரு மொட்டைக்கழுத்து

அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தையில் கோழி வாங்க வேண்டுமென்றால் இருட்டோடு கிளம்ப வேண்டும். வருகிறவர்கள் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக் கனம் பார்ப்பார்கள். பின்பக்கத்து இறகை ஊதிக் கொழுப்பைப் பார்ப்பார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு பார்க்கமாட்டார்கள். அம்மாவும் எல்லாவற்றையும் பார்த்துத்தான் அந்த விடைக்கோழியைத் தேர்ந்தெடுத்தார். அதன் கழுத்தில் முன்பக்கம் ஒரு சிறு கொத்து இறகைத் தவிர வேறெதுவும் இல்லை. மற்றதெல்லாம் சிவந்த வெறுந்தோல்.

அது நோயில்லை, பிறவியிலேயே அப்படி வருகிற இனம். இறகு குறைவு என்பதால் வெயிலை நன்றாகத் தாங்கும். இதைத் திண்டுக்கல் பஸ்ஸில் எத்தனை பேருக்குத்தான் விளக்குவது? கட்டைப்பையிலிருந்து அது கழுத்தை நீட்டியதும், பக்கத்து இருக்கைப் பெரியவர் திடுக்கிட்டு, "பாதி பறிக்கும்போதே எழுந்து ஓடி வந்துவிட்டதா?" என்று கேட்டார். அம்மா பையின் வாயைச் சுருக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

வீட்டுக் கொல்லையில் அப்போது கருப்பி, செவலை, புள்ளி என்று மூன்று பெட்டைகளும் மைனர் என்ற சேவலும் இருந்தன. பெயருக்குத்தான் மைனர் தலைவர், ஆட்சி கருப்பியுடையது. குருணையில் முதலில் வாய்வைப்பது கருப்பி, அது நகர்ந்தால் செவலை, மிச்சம் சிதறிக் கிடந்தால் புள்ளி. கருப்பி யாரையும் கொத்தலாம். செவலை புள்ளியை மட்டும் கொத்தலாம். புள்ளி மண்ணைக் கொத்தலாம். நார்வே நாட்டு விலங்கியலாளர் தோர்லெய்ஃப் ஷெல்டெருப்-எப்பே, கோழிகளுக்குள் இப்படி ஒரு வரிசை இருப்பதை 1921இல் விளக்கினார். எந்தக் கோழி எதைக் கொத்துகிறது என்று சிறுவயதிலிருந்தே உட்கார்ந்து குறித்துவைத்தவராம். எங்கள் கொல்லைக்கு வந்திருந்தால் அவருக்கு அரைப் பக்கத்தில் வேலை முடிந்திருக்கும்.

மொட்டைக்கழுத்து உடனே இந்தச் சபைக்குள் நுழையவில்லை. சந்தைக் கோழியைச் சில வாரமாவது தனியே வைத்துப் பார்க்காமல் மற்றவற்றோடு சேர்க்கக் கூடாது. வெள்ளைக்கழிச்சல் ஒன்றுக்கு வந்தாலே போதும், கொல்லையே காலியாகிவிடும். பிப்ரவரியில் கால்நடைத்துறை நடத்திய முகாமில் எங்கள் கோழிகள் ஊசி போட்டுக்கொண்டவை. வந்ததன் பூர்வீகம் யாருக்குத் தெரியும்? அதனால் முன்வாசல் பக்கத்துப் பழைய குளியலறை அதற்கு ஒதுக்கப்பட்டது. அம்மா அதற்குத் தண்ணீர் வைக்கப் போனபோதெல்லாம், மாத்திரை வேளை தவறாத செவிலியரைப் போல முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார்.

எச்சத்தில் குறையில்லை, மூக்கில் நீரில்லை என்று உறுதியானதும் அதைக் கொல்லைக்குக் கொண்டுவந்து மூங்கில் பஞ்சாரத்தால் மூடிவைத்தார். உள்ளே இருப்பது வெளியே தெரியும், ஆனால் அலகு எட்டாது. கருப்பி பஞ்சாரத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. தலையை ஒருக்களித்து இடது கண்ணால் பார்த்தது, பிறகு வலது கண்ணால் பார்த்தது. கோழிகள் ஒன்றையொன்று தலையையும் கொண்டையையும் வைத்துத்தான் அடையாளம் காணும். தலைக்குக் கீழே இப்படி ஒரு விபரீதத்தை அது கண்டிருக்காது. தொண்டைக்குள் ஒரு நீளமான முனகலோடு அது விலகிப்போனது. மைனர் மட்டும் ஓர் இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு பஞ்சாரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தது. அதற்குக் கழுத்து ஒரு பொருட்டாகவே இல்லை.

ஆச்சரியம் புள்ளிதான். இத்தனை நாள் எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்ட அப்பிராணி, இப்போது பஞ்சாரத்தின் சந்துகளில் அலகை விட்டு விட்டு எடுத்தது. முன்பதிவில்லாப் பெட்டியில் திருச்சியில் முட்டிமோதி ஏறியவர், மணப்பாறையில் ஏற வருகிறவரிடம் "உள்ளே இடமில்லை" என்று வாசலை மறித்து நிற்பாரே, அதே முகம்.

"மதினி, இதுகள் இந்தப் பிள்ளையைக் கொன்றுவிடும், எனக்குக் கொடுத்துவிடுங்கள்" என்றார் பக்கத்து வீட்டு அத்தை. கருணைக்குப் பின்னால் குழம்பு இருக்கிறது என்று அம்மாவுக்குச் சந்தேகம்.

பஞ்சாரத்தைத் தூக்குவதற்கு முதல்நாள் இரவு மொட்டைக்கழுத்தை எடுத்துப்போய்க் கூட்டுக்குள் மற்றவற்றின் நடுவே உட்காரவைத்தார். இருட்டினால் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. சண்டை போடுவதற்கும் பார்வை வேண்டுமே. காலையில் தீவனத்தை மூன்று இடமாகப் பிரித்து வைத்தார், தண்ணீர்ச் சட்டியும் இரண்டு. ஒரே இடத்தில் வைத்தால் கருப்பி அதன்முன் நின்று ஒருவரையும் அண்டவிடாது.

தீவனத்தைப் பிரிக்கலாம், கரையான் பானையைப் பிரிக்க முடியுமா? பழைய பானையில் சாணமும் கிழிந்த சாக்கும் ஓலையும் அடைத்து, தண்ணீர் தெளித்து, முந்தைய மாலையே கவிழ்த்து வைத்திருந்தோம். விடிந்து அதை நிமிர்த்தினால் உள்ளே வெள்ளை வெளேரென்று நெளிந்தது. முதல் வாய் கருப்பிக்கு என்பது எழுதப்படாத சட்டம். மொட்டைக்கழுத்துக்கு யார் சட்டம் சொன்னார்கள்? நேராக வந்து தலையை உள்ளே விட்டது.

கருப்பி கழுத்து இறகைக் குடைபோல் விரித்துச் சிலிர்த்தது. எதிரியைவிடத் தன்னைப் பெரிதாகக் காட்டுகிற வித்தை. பதிலுக்குச் சிலிர்க்க மொட்டைக்கழுத்திடம் இறகேது? அது கழுத்தை நீட்டி நிமிர்ந்து நின்றது, அவ்வளவுதான். கருப்பி பாய்ந்து, வழக்கமாகச் செவலையைப் பிடிக்கும் பிடரியில் அலகை வைத்தது. பிடிக்க அங்கே ஒன்றுமில்லை. அலகு வழுக்கியது. மறுபடி பாய்ந்தது, மறுபடியும் வழுக்கியது. அந்தக் குழப்பத்தில் கருப்பி ஒரு நொடி நின்றதுதான் தாமதம், மொட்டைக்கழுத்து அதன் கொண்டையைக் கவ்வி ஓர் உலுக்கு உலுக்கியது. மைனர் ஓடிவந்து நடுவில் புகுந்து இருவரையும் விலக்கியது. சமாதானம் செய்துவைத்த கையோடு கரையானையும் அதுவே தின்றது.

கொண்டையில் ரத்தம் கசிந்ததால் அம்மா உடனே மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசிவிட்டார். ரத்தச் சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகள் அங்கேயே கொத்தத் தொடங்கும். மஞ்சள் கொண்டையோடு கருப்பி பதவியில் நீடித்தது. ஆனால் மொட்டைக்கழுத்து பக்கத்தில் வந்தால் வேறு எதையோ பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டது. செவலை ஒரு படி இறங்கியது. புள்ளி மறுபடியும் மண்ணுக்கே வந்து சேர்ந்தது.

அடுத்து கருப்பி அடையில் உட்கார்ந்தது. கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, இடிக்கு ஓர் ஆணியும் கரித்துண்டும் போட்டு, எல்லாக் கோழிகளின் முட்டைகளையும் கலந்தே அம்மா வைத்தார். 21ஆம் நாள் பொரித்த குஞ்சுகளில் சிலவற்றுக்குக் கழுத்தில் மயிரில்லை. கருப்பி ஒருகணமும் யோசிக்கவில்லை. அவற்றையும் இறக்கைக்குள் இழுத்துக்கொண்டது.

ஒருநாள் குப்பையைக் கிளறிக்கொண்டே மொட்டைக்கழுத்து அந்தக் குஞ்சுகளின் பக்கம் வந்துவிட்டது. கருப்பி உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, வேலிவரை அதைத் துரத்தியடித்தது. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அத்தை பொறுக்கமாட்டாமல் கத்தினார்.

"அநியாயமாக இருக்கிறதே மதினி, பெற்றவளையே விரட்டுகிறது!"

"முட்டைதானே போட்டது" என்றார் அம்மா. "21 நாள் சோறு தண்ணீர் பாராமல் கிடந்தது யார்?"