பயிற்றுநரா, ஆலோசகரா: ஒரு ஜமக்காளத் தறிக்கூடத்தின் நாட்குறிப்பு

3 ஜூன் 2025, செவ்வாய்

ஆவணி முகூர்த்தங்களுக்கு இன்னும் இரண்டரை மாதமே இருக்கிறது. கல்யாணத்துக்கு ஜமக்காளம் வாங்குகிறவர்கள் ஆடி முடிவதற்கு முன்பே விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்பதால், எங்கள் காணொளி விளம்பரத்துக்கு யாருடைய துணையை நாடுவது என்பதை இந்த மாதத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும். ஆலோசகர் ஒருவரை அமர்த்திவிடலாம் என்பது அண்ணனின் எண்ணம். நல்ல பயிற்றுநர் கிடைத்தால் நானே கற்றுக்கொள்ளலாமே என்பது என் எண்ணம்.

பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட துணிவகைகளின் பட்டியலில், 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஜமக்காளமும் உண்டு. அப்படியிருந்தும் விசைத்தறி விரிப்புகள் இதே பெயரில் குறைந்த விலைக்கு விற்கப்படுகின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஒழிய, வெளியூரில் இருந்து வாங்குகிறவருக்கு வேறுபாடு விளங்காது. காணொளி எங்களுக்கு அவ்வளவு முக்கியமாக இருப்பது இதனால்தான்.

5 ஜூன், வியாழன்

முடிவெடுப்பதற்கு முன் சென்ற ஆண்டு நேர்ந்ததை எழுதி வைத்துக்கொள்கிறேன். விளம்பர நிறுவனம் ஒன்றுக்குப் பணம் கட்டினோம். இருபது காணொளிகள் செய்து தந்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே மெட்டு, ஒரே எழுத்துரு, எந்த ஊர்த் துணிக்கடைக்கும் பொருந்தும் வாசகங்கள். அதைவிடப் பெரிய தவறு, யூடியூப் சேனலை அவர்களுடைய மின்னஞ்சலில் தொடங்க விட்டது. ஒப்பந்தம் முடிந்தபின் உரிமையாளர் அனுமதியை எங்கள் பெயருக்கு மாற்றித் தர அவர்கள் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார்கள்.

வழக்குரைஞரான சித்தப்பாவிடம் கேட்டேன். பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறதாம். “வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் என்பதுதான் அதில் கவனிக்க வேண்டிய இடம் அம்மா, கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துப் பார்,” என்றார். இனி யாரை அமர்த்தினாலும், சேனலின் உரிமையாளர் அனுமதி எங்களிடமே இருக்கும். வெட்டாத மூலப்பதிவுகளும் எங்களிடம் வந்து சேர வேண்டும்.

11 ஜூன், புதன்

ஈரோட்டில் ஆலோசகரைச் சந்தித்தோம். பேசத் தொடங்கிய பத்தாவது நிமிடத்திலேயே எங்கள் சேனலின் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். பார்வையாளர் எந்த நொடி வரை தங்குகிறார்கள் என்று காட்டும் கோட்டை விரலால் தொட்டு, “இந்த எட்டாவது நொடியைப் பாருங்கள்,” என்றார். கோடு அந்த இடத்தில் சரிந்து விழுந்திருந்தது. முதல் ஏழு நொடிகளும் எங்கள் சின்னம் சுழன்றுகொண்டிருந்ததுதான் காரணம்.

பிறகு அண்ணனின் கைப்பேசியை வாங்கி, வாட்ஸ்அப்பில் வந்திருந்த விசாரிப்புகளைப் படித்தார். “விலை என்ன?” என்று கேட்டவர்களுக்கு நாங்கள் மறுநாள்தான் பதில் அனுப்பியிருக்கிறோம். அளவும் விலையும் கொண்ட பட்டியலே எங்களிடம் இல்லை. காணொளி கொண்டுவந்து சேர்த்த ஆட்களை வாசலில் நிற்கவைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறோம் என்று அவர் சொன்னபோது என்னால் மறுக்க முடியவில்லை. ஒரு மணி நேரத்தில் இதைக் கண்டுபிடித்தாரே என்று அவர்மேல் எனக்கு உண்மையான மதிப்பு வந்தது.

மூன்று மாதத் திட்டத்துக்கு அவர் கேட்பது 60,000 ரூபாய். 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 70,800. எந்த வாரம் எதைப் பற்றிய காணொளி, எந்தத் தளத்தில், எவ்வளவு நீளத்தில் என்பதையெல்லாம் வகுத்துத் தருவார். படம் எடுப்பதும் பேசுவதும் நாங்கள்.

14 ஜூன், சனி

பயிற்றுநருடன் இணையவழியில் பேசினேன். எட்டு அமர்வுகள், ஒவ்வொன்றும் 4,000 ரூபாய். சர்வதேசப் பயிற்றுநர் கூட்டமைப்பின் தொடக்கநிலைச் சான்று வைத்திருக்கிறார். அதைப் பெறக் குறைந்தது நூறு மணி நேரம் பிறரைப் பயிற்றுவித்த அனுபவம் வேண்டும். ஆனால் அந்தச் சான்று பயிற்றுவிக்கும் முறைக்கு உரியதே அன்றிக் காணொளித் தொழிலுக்கு உரியது அன்று. ஆகவே, அவரிடம் கற்ற சிறுதொழில் செய்யும் இருவரின் சேனல்களைக் கேட்டு வாங்கி, கற்பதற்கு முன்னும் பின்னும் அவர்கள் போட்ட காணொளிகளை வரிசையாகப் பார்த்தேன். கற்றபின் ஆறாம் மாதத்திலும் அவர்கள் தாங்களே எடுத்துக்கொண்டிருந்தார்கள். எந்தச் சான்றிதழும் இந்த அளவுக்கு எனக்கு நம்பிக்கை தந்திருக்காது.

உரையாடலில் அவர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “கடைக்கு வருகிறவரிடம் ஜமக்காளத்தை விரித்துப் போட்டதும் முதலில் என்ன சொல்வீர்கள்?” நான் யோசிக்காமல் ஐந்து நிமிடம் பேசினேன். பேசி முடித்ததும், இதை ஏன் கேமரா முன்னால் சொல்வதில்லை என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கேமராவைக் கண்டால் எனக்குக் குரல் மாறிவிடுகிறது, செய்தி வாசிப்பவர் போல் ஆகிவிடுகிறேன் என்பதுதான் உண்மை.

15 ஜூன், ஞாயிறு

இரண்டு சந்திப்புகளையும் நாள் முழுக்க மனத்தில் போட்டுப் புரட்டினேன். ஆலோசகர் எங்கள் தொழிலைச் சோதித்து, குறை எங்கே என்று சொன்னார். பயிற்றுநர் என்னைச் சோதித்தார். ஆலோசகரின் திட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், மாதம் பன்னிரண்டு முறை தறிக்கு முன்னால் கைப்பேசியோடு நிற்க வேண்டியவள் நான். அந்த இடத்தில் நான் தயங்கி நின்றால் 70,800 ரூபாயும் தாளிலேயே இருந்துவிடும். சென்ற ஆண்டு வேறொருவரைப் பேச வைத்துப் பார்த்துவிட்டோம். தறியைப் பற்றி அறியாதவர் பேசினால் எப்படி இருக்கும் என்பதற்கு அந்த இருபது காணொளிகளே போதும்.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பேசவும் எடுக்கவும் கூடத்தில் ஏற்கெனவே ஆள் இருந்து, விற்பனை மட்டும் தேங்கியிருந்தால், நான் தயங்காமல் ஆலோசகரிடமே போயிருப்பேன்.

20 ஜூன், வெள்ளி

அண்ணனுக்குச் சம்மதம். பயிற்றுநரையே அமர்த்துகிறோம். ஆலோசகரிடம் முழுத் திட்டம் வேண்டாம் என்பதை நேரில் சொல்லி, அன்றைய ஒரு மணி நேரத்துக்கான கட்டணத்தை வாங்கிக்கொள்ளும்படி வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தோம். அவர் சுட்டிய குறையைச் சரிசெய்ய அண்ணன் இரண்டு இரவு உட்கார்ந்து, ஒவ்வொரு அளவுக்கும் படமும் விலையும் சேர்த்து வாட்ஸ்அப் பட்டியலை ஏற்றிவிட்டார்.

27 ஜூன், வெள்ளி

முதல் அமர்வு. வீட்டுப்பாடமாக மூன்று பதிவுகள் எடுத்து அனுப்பியிருந்தேன். மூன்றிலும் பின்னணியில் கரும்பட்டைகள் ஓடின. கூடத்தில் குழல்விளக்கு, நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், கைப்பேசி நொடிக்கு 30 சட்டகம் (ஃபிரேம்) எடுக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததே காரணம். 25 சட்டகத்துக்கு மாற்றி, ஷட்டர் வேகத்தை நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கு வைத்ததும் பட்டைகள் மறைந்தன. தறிச் சத்தத்தில் என் குரல் அமுங்கியதற்கு, சட்டையில் மாட்டும் சிறிய மைக் ஒன்றை வாங்கச் சொன்னார். பேச்சைப் பற்றிச் சொன்னது ஒன்றே: கேமராவுக்கு அருகில் தெரிந்த ஒருவரை உட்காரவைத்து, அவரிடம் பேசு.

6 ஜூலை, ஞாயிறு

தறியில் இருந்த பெரியவரிடம், கேமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நிறம் மாறும் இடத்தை எப்படிக் கணக்கு வைக்கிறீர்கள் என்று கேட்டேன். “அட, என்னையப் போய் எதுக்குக் கண்ணு படம் புடிக்கிற?” என்று வெட்கப்பட்டவர், சற்று நேரத்தில் மறந்துவிட்டார். குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாக்களில், சிவப்பு நூல் உள்ளதை எடுத்து வைத்துவிட்டுப் பச்சையை எடுத்தார். நெய்த பகுதியின்மேல் விரல்களை விரித்து, சாண் கணக்கில் அளந்து காட்டினார். பிறகு நான் விரிப்பின் ஓரத்தைத் திருப்பிப் பிடித்து, கடையில் சொல்வதையே சொன்னேன். குரல் மாறவில்லை.

மொத்தம் 52 நொடி. முதல் நொடியிலேயே அவருடைய விரல்கள். சின்னம் எங்கும் சுழலவில்லை. மாலை ஆறு மணிக்கு ஏற்றினோம். எட்டு மணிக்குத் திருப்பூரில் இருந்து ஒருவர், மகள் கல்யாணத்துக்கு இதே சிவப்பும் பச்சையும் கலந்து பெரிய அளவில் நான்கு கிடைக்குமா என்று கேட்டார். அண்ணன் அந்த நிமிடமே பட்டியலை அனுப்பினார்.